நிறுத்தி வைத்த காரின் பேட்டரி ஏன் இறங்குகிறது?

இரண்டு மாதம் ஊரில் இல்லை. திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. ஓடாத காரின் பேட்டரி எப்படித் தீர்ந்தது?

கார் தூங்குவதில்லை. கடிகாரம், அலாரம், சாவியின் சிக்னலுக்காகக் காத்திருக்கும் பூட்டு எல்லாம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கின்றன. 50 மில்லி ஆம்பியர் என்றாலே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து வாரத்தில் காலி. இதுபோக, பேட்டரி தானாகவும் இறங்கும். வெயில் ஏற ஏற அது வேகமாகும்.

உண்மையான சேதம் அதற்குப் பிறகுதான். பேட்டரி இறங்கும்போது ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் படிகங்கள் பெருத்து இறுகிவிடும்; பிறகு என்ன சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு திரும்பாது. அதனால்தான் வோல்ட் மீட்டரில் 12.4க்குக் கீழே இறங்க விடாதீர்கள் என்கிறேன். நிறைந்த பேட்டரி 12.6க்கு மேல் காட்டும்.

ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பெரிய பயனில்லை. அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். ஓட்ட ஆளில்லையா? முழுசாகச் சார்ஜ் செய்துவிட்டு நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப் போனால், ஸ்பானர் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். வீட்டில் பிளக் வசதி இருந்தால், நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் தானியங்கி சார்ஜரை மாட்டிவிடலாம்.