வத்தல் நனைந்த கதையும் மூளை சிரித்த கதையும்

மக்களே, வீட்டுக்குப் பேப்பர் வந்ததும் பெரியவர்கள் முதல் பக்கத்தைப் பிடித்துக்கொள்வார்கள். நமக்கு வேண்டியது படக்கதை வரும் பக்கம். உங்கள் தாத்தாவும் சின்னப் பையனாக இருந்தபோது இதையேதான் செய்திருப்பார். தினத்தந்தியில் ‘கன்னித்தீவு’ தொடங்கியது 1960-இல். அன்றைக்குப் புறப்பட்ட அதன் நாயகன் சிந்துபாத்தின் பயணம் தலைமுறை தாண்டியும் நீண்டது! முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் எதையும் ‘கன்னித்தீவு மாதிரி’ என்று கேலி செய்வது அதனால்தான்.

சிரிப்புப் படக்கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை மூன்று. முதலாவது சுப்பாண்டி. சொன்னதைச் சொன்னபடியே செய்து மாட்டிக்கொள்ளும் இவன், 1983-இல் டிங்கிள் இதழில் அறிமுகமானவன். திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய கதையிலிருந்து பிறந்தவன். இரண்டாவது லக்கி லூக். பெல்ஜியம் நாட்டு ஓவியர் மோரிஸ் 1946-இல் உருவாக்கிய இந்த கௌபாய்க்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தது சிவகாசியின் லயன் காமிக்ஸ். மூன்றாவது, சார்லி பிரவுனும் ஸ்னூப்பி நாயும் வரும் ‘பீநட்ஸ்’. அமெரிக்காவின் சார்லஸ் ஷுல்ஸ் 1950 முதல் 2000 வரை இதை வரைந்தார். மொத்தம் ஏறக்குறைய 18,000 படக்கதைகள்!

இவற்றை வரைந்தவர்கள் பாதி வேலையைத்தான் செய்தார்கள். மீதிப் பாதியைச் செய்வது நம் கண்ணும் மூளையும். எப்படி என்று பார்ப்போமா?

இல்லாத பச்சை

ஞாயிற்றுக்கிழமை வண்ணப் படக்கதை ஒன்றை எடுங்கள். அதில் பச்சையாகத் தெரியும் மரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பச்சை மை அங்கே இருக்காது. நீலமும் பச்சையும் கலந்தாற்போன்ற சியான் புள்ளிகளும், மஞ்சள் புள்ளிகளும்தான் நெருங்கிக் கிடக்கும். சியான், மெஜந்தா என்னும் இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கே மைகளை வைத்துத்தான் பேப்பரின் எல்லா வண்ணங்களையும் அச்சிடுகிறார்கள். பக்கத்தின் ஓரத்தில் சில சமயம் நான்கு சின்ன வண்ணப் பொட்டுகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு மையும் சரியாக விழுகின்றனவா என்று அச்சகத்தில் சரிபார்ப்பதற்காக இடும் அடையாளம் அது. ஒவ்வொரு மைக்கும் தனித்தனி அச்சுத் தகடு உண்டு. ஒரு தகடு கொஞ்சம் நகர்ந்துவிட்டால், வீரனின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு ஏறிவிடும்!

புள்ளிகள் ஏன் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை? கன்னியாகுமரிக் கரையில் நின்று பார்த்தால் 133 அடி திருவள்ளுவர் சிலை ஒரே கல்லில் செய்ததுபோல் இருக்கும். படகில் போய் அடியில் நின்றால்தான் கற்களின் இணைப்பு தெரியும். மிக நெருங்கிய இரண்டு பொருள்களைத் தூரத்திலிருந்து தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க நம் கண்ணால் முடியாது. படக்கதையின் புள்ளிகளும் அப்படித்தான் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

அதே படக்கதையைச் செல்பேசியில் பார்த்தால் கணக்கு மாறுகிறது. அங்கே மை இல்லை, ஒளி மட்டும்தான். விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டு, வெள்ளையாக ஒளிரும் திரையில் ஒரு சின்னத் துளி வையுங்கள். துளி ஒரு குட்டி லென்ஸ் ஆகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்கள் உள்ளே மின்னும். பேப்பரில் மஞ்சள் என்பது ஒரு மை. திரையிலோ சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்ததுதான் மஞ்சள். (சோதனை முடிந்ததும் துளியைத் துடைத்துவிடுங்கள், அம்மா வருவதற்குள்!)

கரிமணலும் வெள்ளை மையும்

படம் வரைகிறவர் கையும் தவறும். கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டு போய்விட்டால் அதன்மேல் வெள்ளை பூசி மறைப்பார். நீங்கள் நோட்டில் ஒயிட்னர் தடவுவதில்லையா, அதேதான். அந்த வெள்ளைக்குள் பெரும்பாலும் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. டைட்டானியம் எங்கே கிடைக்கும்? நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில்! அங்குள்ள கரிமணலில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது அது. ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனம் அதை அங்கே பிரித்தெடுக்கிறது. இரும்பை நீக்கிச் சுத்தம் செய்தால் கறுப்புத் தாதுவிலிருந்து பளீர் வெள்ளைப் பொடி கிடைக்கும். வைரத்தைவிட அதிகமாக ஒளியை வளைத்துச் சிதறடிக்கும் பொடி அது. அதனால்தான் மெல்லிய பூச்சுகூட அடியில் உள்ள கோட்டை மறைத்துவிடுகிறது.

கட்டங்களுக்கு நடுவே

முதல் கட்டத்தில் ஒருவன் வாழைப்பழத் தோலை நோக்கி நடக்கிறான். அடுத்த கட்டத்தில் தரையில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவன் வழுக்கி விழுந்ததை யாருமே வரையவில்லை. ஆனாலும் நாம் ‘பார்த்துவிட்டோம்’! இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியில் அவனை விழவைத்தது நம் மூளை.

நீல் கோன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2012-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பீநட்ஸ் படக்கதைகளின் கட்டங்களைச் சில சமயம் வரிசையாகவும் சில சமயம் கலைத்துப் போட்டும் காட்டி, பார்த்தவர்களின் மூளை மின்னலைகளை அளந்தார்கள். கட்டங்கள் கலைந்திருந்தபோது, பொருள் விளங்காமல் மூளை திணறுவதைக் காட்டும் அலை பெரிதாக எழுந்தது. வரிசையாக இருந்தபோது அது அடங்கியிருந்தது. அதாவது, ஒரு கட்டத்தைப் பார்க்கும்போதே அடுத்து என்ன வரும் என்று மூளை ஊகித்துக்கொண்டே போகிறது.

ஏன் சிரிப்பு வருகிறது?

அந்த ஊகம் தப்பும்போதுதான் சிரிப்பு. இதோ, நான் உங்களுக்காகச் செய்த மூன்று கட்டக் கதை.

கட்டம் ஒன்று. பாட்டி சொல்கிறாள்: “மக்கா, மழை பெய்தா மாடியில போயி வத்தல நனையாம பாத்துக்கிடு.”

கட்டம் இரண்டு. இடி, மின்னல், கொட்டும் மழை. பேரன் மாடிப்படியில் ஓடுகிறான்.

கட்டம் மூன்று. பேரன் குடைக்குள் நிற்கிறான், ஒரு சொட்டுகூட நனையாமல். எதிரே மிதக்கும் வத்தலைக் கண் இமைக்காமல் ‘பார்த்துக்கொண்டிருக்கிறான்’!

இரண்டாவது கட்டம் வரை, அவன் வத்தலைக் காப்பாற்றுவான் என்றே மூளை நம்பியது. மூன்றாவதில் ஏமாந்தது. அடுத்த நொடியே, ‘அடடா, பாட்டி சொன்னதை இவன் இப்படிப் புரிந்துகொண்டானா!’ என்று முடிச்சை அவிழ்த்தது. அந்த மகிழ்ச்சிதான் சிரிப்பு. 2003-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிலருக்கு வேடிக்கைப் படங்களையும், வேடிக்கைக்குரிய பகுதியை மட்டும் நீக்கிய அதே மாதிரிப் படங்களையும் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். வேடிக்கைப் படங்களைப் பார்த்தபோது, பரிசு கிடைத்தால் சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன.

நிழலை முந்தியவர், பெயர் வைத்தவர்

லக்கி லூக் தன் நிழலைவிட வேகமாகச் சுடுவாராம். உண்மையில் நாம் எல்லாரும் நம் நிழலை முந்துகிறவர்கள்தான். ஒளி வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். சுவர் 3 மீட்டர் தள்ளி இருந்தால், உங்கள் கை அசைந்து வினாடியில் 10 கோடியில் ஒரு பங்கு நேரம் கழித்துத்தான் நிழல் அசையும். நிழல் ஒரு முழு வினாடி பிந்த வேண்டுமென்றால் சுவரை 3 லட்சம் கிலோமீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும். நிலாவுக்குப் போகும் வழியில் அது முக்கால் தூரத்துக்கும் மேல்!

சிரிப்புப் படம் அறிவியலுக்கே சொல் கொடுத்ததும் உண்டு. ஸ்டெகோசாரஸ் டைனோசரின் வாலில் இருக்கும் முட்களுக்குத் தனிப் பெயர் இல்லாமல் இருந்தது. கேரி லார்சன் என்ற ஓவியர் 1982-இல் ஒரு சிரிப்புப் படம் வரைந்தார். அதில் குகை மனிதர் ஒருவர், அந்த வாலால் இறந்துபோன ‘தாக்’ என்பவரின் நினைவாக அதைத் ‘தாகோமைசர்’ என்று அழைத்துப் பாடம் நடத்துவார். 1993-இல் கென் கார்பெண்டர் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் அதே பெயரைப் பயன்படுத்த, அது நிலைத்துவிட்டது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதைப் பார்த்த மனிதர் ஒருவரும் கிடையாது.

இந்த வாரம் நீங்களும் மூன்று கட்டம் வரையுங்கள். மூன்றாவது கட்டத்தை மூடிவைத்து, அடுத்து என்ன நடக்கும் என்று கூட்டாளியிடம் கேளுங்கள். பிறகு திறந்து காட்டுங்கள். அவர் சிரிக்காவிட்டால் மூன்றாவது கட்டத்தை அழிக்க வேண்டாம். இரண்டாவதைத் திருத்துங்கள். மூளையை நம்பவைக்க வேண்டிய கட்டம் அதுதான்.