யூனிட் விலை 14, உண்மை மதிப்பு எவ்வளவு? யுடிஐ கதவை மூடிய ஜூலை மாதக் கதை

ஜூலை வந்தால் குற்றாலத்தில் சாரல். பக்கத்தில் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி. ‘ரோஜா’ படத்தில் வந்த ஊர் என்று ஒரு தலைமுறை தேடிப் போனது. இப்போது ரீல்ஸ் எடுக்கவே கார் கார் ஆக வந்து இறங்குகிறார்கள். ஆனால் 80, 90களில் மாதச் சம்பளக்காரர் வீடுகளில் ஜூலைக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. அது யூனிட் வாங்கும் மாதம். ‘யுஎஸ் 64’ என்ற திட்டத்தின் விலை வருஷத்திலேயே குறைவாக இருப்பது ஜூலையில்தான்.

இன்று எஸ்ஐபி போடும் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு பெருமூச்சோடுதான் ஆரம்பிப்பார்.

அஞ்சு கோடியில் ஆரம்பம்

யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா, சுருக்கமாக யுடிஐ. 1963-ல் நாடாளுமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. அப்போது நிதியமைச்சர் நம்ம ஊர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. எல்ஐசி பணத்தை முந்த்ரா நிறுவனப் பங்குகளில் போட்ட விவகாரத்தில் 1958-ல் அதே பதவியை ராஜினாமா செய்தவர் அவர். திரும்பி வந்து, சாதாரண மக்களின் சேமிப்பைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகும் நிறுவனத்தை அவரே தொடங்கிவைத்தார் என்பது ஒரு சுவாரசியம்.

ஆரம்ப மூலதனம் 5 கோடி ரூபாய். அதில் பாதி ரிசர்வ் வங்கி கொடுத்தது; எல்ஐசி, ஸ்டேட் வங்கி போன்றவை மீதி. 1964 ஜூலையில் முதல் திட்டம் வந்தது. யூனிட் விலை 10 ரூபாய். அதுதான் யுஎஸ் 64.

அடுத்த 23 வருஷம் இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் என்றால் யுடிஐ மட்டும்தான். 1987-ல்தான் எஸ்பிஐ போட்டிக்கு வந்தது. 1993-ல் முதல் தனியார் ஃபண்ட் ஆக கோத்தாரி பயோனியர் வந்தது, அதுவும் சென்னையிலிருந்து. ஆனாலும் மக்கள் மனசில் யுடிஐ என்றால் ‘கவர்மென்ட்டு’. ஃபிக்சட் டெபாசிட் மாதிரி, ஆனால் வட்டி ஜாஸ்தி. 90களின் முதல் பாதியில் டிவிடெண்ட் 26 சதவீதம் வரை போனது. அரசு உத்தரவாதம் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. யாரும் படித்துப் பார்க்கவும் இல்லை.

சிக்கல் எங்கே இருந்தது?

இன்று உங்கள் ஃபண்டின் விலை எப்படி வருகிறது? அதன் கையில் இருக்கும் பங்குகள், பத்திரங்களின் அன்றைய மதிப்பைக் கூட்டி, செலவைக் கழித்து, யூனிட் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். அதுதான் என்ஏவி, நிகர சொத்து மதிப்பு.

யுஎஸ் 64-ல் அப்படி இல்லை. விற்கும் விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் யுடிஐயே முடிவு செய்தது. ஜூலையில் குறைவாக ஆரம்பித்து மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். சந்தை விழுந்தாலும் கவுன்ட்டரில் விலை ஏறும். உள்ளே எவ்வளவு சொத்து இருக்கிறது என்று வெளியே தெரியாது. யுடிஐக்குத் தனிச் சட்டம் இருந்ததால் இந்தத் திட்டம் செபியின் கட்டுப்பாட்டிலும் இல்லை.

இதில் என்ன ஆபத்து? ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஃபண்டில் 100 யூனிட். உண்மை மதிப்பு யூனிட்டுக்கு 8 ரூபாய், மொத்தம் 800. கவுன்ட்டரில் 14 ரூபாய் தருகிறார்கள் என்று வையுங்கள். விஷயம் தெரிந்தவர்கள் 30 யூனிட்டைக் கொடுத்து 420 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மிச்சம் 380 ரூபாய், 70 யூனிட். இப்போது உள்ளே இருப்பவரின் மதிப்பு 5 ரூபாய் 43 காசு. அவர் எந்தத் தப்பும் பண்ணவில்லை. லேட்டாகக் கிளம்பினார், அவ்வளவுதான்.

கிட்டத்தட்ட இதுதான் நடந்தது.

எச்சரிக்கை மணி அடித்தும்...

90களில் யுஎஸ் 64-ன் பணத்தில் பெரும்பகுதி பங்குகளுக்குப் போயிருந்தது. 1998 அக்டோபரில் முதல் அதிர்ச்சி. கையிருப்பு நிதி 1,098 கோடி ரூபாய் மைனஸில் இருப்பது தெரிந்தது. தீபக் பரேக் தலைமையில் கமிட்டி போட்டார்கள். மூன்று வருஷத்துக்குள் என்ஏவி முறைக்கு மாறுங்கள் என்றது கமிட்டி. அரசுத் துறைப் பங்குகளை சுமார் 3,300 கோடிக்கு அரசே வாங்கிக்கொண்டு முட்டுக்கொடுத்தது.

மூன்று வருஷம் என்பதுதான் பிரச்சினை. இடையில் 2000-ல் டெக் பங்குகள் சரிந்தன. 2001 மார்ச்சில் கேத்தன் பரேக் விவகாரம் வெடித்தது. அந்த ஏப்ரல், மே மாதங்களில் நாலாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் யுஎஸ் 64-லிருந்து வெளியே போனது. எடுத்ததில் பெரும்பங்கு கம்பெனிகள். விலை சுமார் 14 ரூபாய்.

2001 ஜூலை 2, திங்கள்கிழமை. ஆறு மாதத்துக்கு யூனிட் விற்பதும் இல்லை, திரும்ப வாங்குவதும் இல்லை என்று யுடிஐ அறிவித்தது. மறுநாளே தலைவர் பி.எஸ்.சுப்பிரமணியம் பதவி விலகினார். உள்ளே மாட்டியிருந்தவர்கள் சுமார் 2 கோடிப் பேர். கல்யாணத்துக்கு, வீடு கட்ட, ரிட்டயர்மென்ட்டுக்கு என்று ஒதுக்கிய பணம்.

எதிர்ப்பு கிளம்பியதும் 3,000 யூனிட் வரை மட்டும் 10 ரூபாய்க்குத் திருப்பி வாங்க ஆகஸ்ட் முதல் வழிவிட்டார்கள். 2002 ஜனவரியில் என்ஏவி முறை வந்தபோது உண்மை விலை தெரிந்தது. 6 ரூபாய்கூட இல்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

2002-ல் யுடிஐ சட்டத்தையே ரத்து செய்து, 2003 பிப்ரவரியில் நிறுவனத்தை இரண்டாக உடைத்தார்கள். யுஎஸ் 64 உள்ளிட்ட பழைய திட்டங்கள் அரசு பொறுப்பேற்ற ஒரு பிரிவுக்குப் போயின. 5,000 யூனிட் வரை 12 ரூபாய், அதற்கு மேல் 10 ரூபாய். ரொக்கம் வேண்டாம் என்றவர்களுக்கு 6.75 சதவீத வரியில்லாப் பத்திரம். முதல் இழக்காமல் பலர் தப்பினார்கள். அரசுக்கும் நஷ்டமில்லை. அந்தப் பிரிவின் கையில் ஐடிசி, எல் அண்ட் டி, ஆக்சிஸ் வங்கிப் பங்குகள் இருந்தன. ஆக்சிஸின் பழைய பெயரே யுடிஐ வங்கிதான். பின்னாளில் அவற்றின் மதிப்பு பல மடங்கு ஏறியது.

இன்னொரு பாதிதான் இன்றைய யுடிஐ மியூச்சுவல் ஃபண்ட். எஸ்பிஐ, எல்ஐசி, பஞ்சாப் நேஷனல் வங்கி, பரோடா வங்கி கைக்குப் போய், செபி விதிகளுக்குள் வந்து, அமெரிக்காவின் டி ரோவ் பிரைஸைப் பங்காளியாகச் சேர்த்து, 2020 அக்டோபரில் 554 ரூபாய் விலையில் பங்குச் சந்தைக்கு வந்தது. பழைய முதலிடம் இப்போது இல்லை.

தினமும் இரவு 11 மணிக்குள் ஆம்ஃபி தளத்தில் என்ஏவி ஏற வேண்டும் என்ற இன்றைய விதியை இந்தப் பின்னணியோடு பாருங்கள். விலையை யாரும் இஷ்டத்துக்கு ஏற்றிக் காட்ட முடியாது. ஆனால் என்ஏவி சொல்வது விலையை மட்டும்தான். வாசல் எப்போதும் திறந்திருக்கும் என்று அது சொல்வதில்லை. சென்னையில் பிறந்த கோத்தாரி பயோனியரை 2002-ல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் வாங்கியது. அதே ஃபிராங்க்ளின் 2020 ஏப்ரலில் ஆறு கடன் திட்டங்களை ஒரே இரவில் நிறுத்தியது. தினசரி என்ஏவி இருந்தும் சுமார் 25,000 கோடி ரூபாய் முடங்கியது. பணம் தவணை தவணையாகத்தான் திரும்பி வந்தது.