பஞ்சு பறக்கும் ஊரில் இரண்டு திரைகள்

இளம்பிள்ளையில் சேலைக்கு டிசைன் போடுகிறவர் அன்று கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டினார். அதைப் பார்த்து அட்டையில் துளையிட்டு, கோத்து, தறியின் ஜக்கார்டில் ஏற்றினார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று தனி அறை, ஏ.சி.; செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். பின்பக்கம் புடைத்த 15 அங்குல மானிட்டர் 70, 80 வாட் மின்சாரத்தை இழுத்துச் சூடாகக் கக்கியது. சிபியு தனிப் பெட்டி, அதன் சூடு அதனோடு.

இன்று அதே வேலைக்கு ஒரு லேப்டாப், இருபுறமும் 24 அங்குலத் திரைகள். ஒன்றில் முழுச் சேலை, மற்றதில் பெரிதாக்கிய முந்தானை. முடிந்த டிசைன் பென் டிரைவில் எலெக்ட்ரானிக் ஜக்கார்டுக்குப் போகிறது. 2020 பொதுமுடக்கத்தில் பெங்களூரிலிருந்து ஊர் திரும்பிய ஐ.டி. பிள்ளைகளின் மேசையும் இப்படித்தான் மாறியது. புதிய திரைகள் 20, 25 வாட்டோடு நின்றுவிடுகின்றன. முன்பு சிபியு பெட்டியில் இருந்த சூடு லேப்டாப்புக்குள் ஒடுங்கிவிட்டது.

திரை கூடினால் சூடு கூடும் என்பது பாதி உண்மை. எந்தத் துளையில் செருகுகிறோம் என்பதும் முக்கியம். தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ள பல லேப்டாப்களில் ஹெச்டிஎம்ஐ நேரே அந்தச் சிப்போடு இணைந்திருக்கும். எக்ஸெல் மட்டும் திறந்திருந்தாலும் அது உறங்காது. டைப்-சி துளை, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸோடு இணைந்த மாடலானால், திரையை அங்கே மாற்றுங்கள். திரை 144 ஹெர்ட்ஸில் ஓடினால் 60க்கு இறக்குங்கள். டிசைன் வேலைக்கு அது போதும்.

மீதிப் பாதி நம் ஊர்ச் சங்கதி. லேப்டாப் விசிறி அறைக் காற்றைத்தான் இழுக்கிறது. சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் சித்திரை மதியம் 40 டிகிரி இருந்தால், எந்த விசிறியும் சிப்பை அதற்குக் கீழே குளிர்விக்காது. அதைவிடக் கொடியது பஞ்சு. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறி ஓடும் இடங்களில் பஞ்சுத் தூசி உள்ளே போய், சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகளின் வாயில் கம்பளி போர்த்தியதுபோல் படிகிறது. அதற்கப்புறம் அடியில் எத்தனை கூலிங் பேடு வைத்தாலும் பயன் குறைவு. சிப் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; திரையில் முந்தானை நகர மறுக்கும்.

செருப்பைக் கழற்ற வைத்த அந்தக் கவனம் இன்றும் தேவை. லேப்டாப்பைத் தறியிலிருந்து தள்ளி வையுங்கள். சித்திரைக்கு முன் ஒருமுறை, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துத் திறந்து சுத்தம் செய்யுங்கள். ப்ளோயரில் ஊதும்போது விசிறி சுழலாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.