கூரையில் பொறி விழுந்தால்...

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டாரத்தில் முந்திரிக் காடுகள் மிகுதி. முந்திரி விறகும் சருகும் அடுப்பெரிக்க உதவுகின்றன. இன்று பல வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. ஆயினும் வெந்நீர் காய்ச்சவும் நெல் அவிக்கவும் விறகடுப்பு மூட்டுவது நின்றுவிடவில்லை. அந்த அடுப்பு கீற்றுக் கொட்டகையின் கீழ் இருந்து, ஒரு பொறி கூரையைத் தொட்டால் என்ன நிகழும்?

தீ எரிய மூன்று தேவை: எரிபொருள், வெப்பம், காற்றிலுள்ள பிராணவாயு. இவற்றுள் ஒன்றை அகற்றினாலும் தீ அணைந்துவிடும்.

பெரிய விறகுக் கட்டையில் ஒரு தீக்குச்சியைக் காட்டினால் அது பற்றாது. அதே கட்டையிலிருந்து பெயர்த்த சிராய் உடனே பற்றிக்கொள்ளும். ஏன் தெரியுமா? கட்டையில் வெப்பம் உள்ளே பரவிவிடுகிறது. மெல்லிய சிராயோ விரைவில் சூடேறுகிறது; அதைச் சுற்றிலும் காற்றும் படுகிறது. காய்ந்த கீற்றுக் கூரை ஆயிரக்கணக்கான சிராய்களை அடுக்கி வைத்தது போன்றது. மேலும், சூடான புகை மேலெழுந்து, இன்னும் எரியாத கீற்றையும் முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது. ஆகவே கீழ்ப்புறம் பற்றிய தீ சில நிமிடங்களில் முகட்டை எட்டிவிடும்.

2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் நடந்தது இதுவே. ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் கிளம்பிய தீ கீற்றுக் கூரையைப் பற்றி, கீற்று வேய்ந்த மாடி வகுப்பறைகளுக்குப் பரவியது. 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. நம் வீட்டுக் கூரைக்கு நாம்தான் காவல்.

அடுப்பைக் கூரை தாழ்ந்த இடத்தில் வைக்காதீர்கள். அடுப்புக்கு மேலே, கீற்றிலிருந்து சிறிது இடைவெளி விட்டு ஒரு தகரத் தகட்டைக் கட்டுங்கள். சருகையும் விறகையும் அடுப்பருகே குவிக்காதீர்கள். வேலை முடிந்ததும் தணலில் நீர் தெளித்து அணையுங்கள். குடத்தில் நீரும் ஒரு சாக்கும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சிறு தீயை நனைத்த சாக்கால் அடித்தால் வெப்பமும் குறையும், காற்றும் தடைப்படும்.

ஆனால் எண்ணெய்ச் சட்டி பற்றினால் நீர் ஊற்றவே கூடாது. நீர் எண்ணெயைவிடக் கனமானது. அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசியடிக்கும். அடுப்பை அணைத்து, சட்டியைத் தட்டால் மூடுங்கள். பிராணவாயு கிடைக்காமல் தீ அடங்கும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். வாடை வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாதீர்கள். அதன் சிறு பொறியே போதும். ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

உடையில் தீப்பற்றினால் ஓடாதீர்கள். ஓட ஓடக் காற்று கிடைத்துத் தீ வளரும். தரையில் படுத்து உருளுங்கள். சுட்ட இடத்தில் இருபது நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். மையோ பற்பசையோ தடவ வேண்டாம்.

கூரை முழுதும் பற்றிவிட்டால் அதை அணைக்க முயல வேண்டாம். குழந்தைகள், முதியோர், கட்டியுள்ள கால்நடைகள் இவர்களை வெளியேற்றி, 101 அல்லது 112-ஐ அழையுங்கள். குடும்ப அட்டையும் பட்டாவும் உள்ளே இருக்கின்றனவே என்று திரும்ப நுழையாதீர்கள். அவற்றை மறுபடி வாங்கலாம். உயிரை வாங்க முடியாது.