சாயக் கழிவும் லாபக் கணக்கும்

சுற்றுச்சூழலைக் காத்துக்கொண்டே ஒரு தொழில் நிறுவனம் லாபம் ஈட்ட முடியுமா என்ற கேள்விக்கு இரண்டு ஆயத்த விடைகள் புழக்கத்தில் உள்ளன. அது தொழிலை நசுக்கும் சுமை என்பார்கள் தொழிலதிபர்களில் ஒரு சாரார். பசுமை என்றாலே லாபம்தான் என்று வண்ண வரைபடங்களுடன் விளக்குவார்கள் மேலாண்மை ஆலோசகர்கள். இரண்டு விடைகளும் அனுபவத்தோடு முழுமையாகப் பொருந்துவதில்லை. இதை அறிய வெளிநாட்டு நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நொய்யல் கரையிலுள்ள திருப்பூரின் அண்மைக்கால வரலாறே போதும்.

பருத்திப் பின்னல் துணிக்குச் சாயமேற்ற உப்பு இன்றியமையாதது. நீரில் பருத்தி இழையும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும் தன்மை கொண்டவை. அந்த விலகலைத் தணித்து, சாயத்தை இழையின்பால் செலுத்துவது உப்பின் வேலை. வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்குவதில்லை. ஏறத்தாழ அனைத்தும் கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. நிறத்தை நீக்குவது ஒப்பீட்டளவில் எளிது. கரைந்துவிட்ட உப்பை நீக்குவதுதான் கடினம். தெளிந்த நீராகத் தோன்றினாலும், அது பாய்ந்த நிலத்தில் பயிர் விளையாது.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலுக்கு நேர்ந்ததும் இதுவே. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவின் தேக்கமாயிற்று. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய உழவர்கள், திறக்காதீர்கள் என்று மன்றாடிய விந்தையை அங்கே கண்டோம். கிணறுகள் உவர்ப்பாயின, தென்னையும் மஞ்சளும் பட்டுப்போயின.

உற்பத்தியாளரின் கணக்கேட்டில் ஏறாத செலவை மற்றொருவர் சுமப்பதைப் பொருளியலில் புறவிளைவு என்கிறோம். அந்தச் செலவுக்கு ஈடான வரியை விதித்து அதை உற்பத்தியாளரின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்பது ஏ.சி. பிகு 1920-ஆம் ஆண்டிலேயே முன்வைத்த கருத்து. வகுப்பறையில் இதை விளக்க நான் நொய்யலைத்தான் எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆயக்கட்டு உழவர்களின் வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்ட ஆணையிட்டதோடு, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் இத்தனை காசு என அபராதமும் விதித்தது. பிகுவின் வரி, அவர் எதிர்பாராத வகையில், ஒரு நீதிமன்ற ஆணையாக நடைமுறைக்கு வந்தது எனலாம். அதற்கு முன்பே, 1996-இல், பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வேலூர் வழக்கில், மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்சநீதிமன்றம் நம் சட்டத்தின் பகுதியாக ஏற்றிருந்தது.

திருப்பூர் வழக்கில் உச்சநீதிமன்றம் 2009 அக்டோபரில் உயர்நீதிமன்ற ஆணையை உறுதி செய்தது. ஆயினும் கழிவு நிற்கவில்லை. இறுதியில் 2011 ஜனவரி 28-ஆம் நாள், சாய ஆலைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் ஒரே வீச்சில் நின்றன. துணி பிற மாவட்டங்களுக்கும் வடமாநிலங்களுக்கும் சாயமிடச் சென்றது. பின்னலாடைத் தொழிலின் கதை முடிந்தது என்றே பலரும் எழுதினர்.

கதை முடியவில்லை. தமிழக அரசு ரூ.200 கோடி வட்டியில்லாக் கடன் வழங்க, சுத்திகரிப்பு நிலையங்கள் சீரமைக்கப்பட்டு, ஆலைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. இங்குதான் லாபக் கணக்கு தொடங்குகிறது.

முதலில் கைக்கொண்ட முறை மிகுந்த செலவு பிடித்தது. கழிவுநீர் உயிரியல் முறையில் தூய்மை செய்யப்பட்டு, எதிர்சவ்வூடு பரவல் வழியாகச் செலுத்தப்படும். பெரும்பகுதி நல்ல நீராக மீளும். எஞ்சும் அடர்ந்த உப்புக்கரைசலைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, உப்பைப் படிகமாக்க வேண்டும். இந்த ஆவியாக்கும் கட்டம்தான் மின்சாரத்தையும் விறகையும் விழுங்கியது. ஆற்றைக் காக்க விறகை எரித்துக் காற்றில் கரியைக் கலப்பது என்ன நியாயம் என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வியில் பொருள் இல்லாமலில்லை.

விடை மிக எளிய இடத்திலிருந்து வந்தது. சாயத் தொட்டிக்குத் தேவைப்படுவதே உப்புக்கரைசல்தான். அப்படியிருக்க, கரைசலைக் காய்ச்சி உப்பாக்கி, அந்த உப்பை மீண்டும் நீரில் கரைப்பானேன்? கரைசலிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டு, அப்படியே தொட்டிக்குத் திருப்பி அனுப்பினால் என்ன? திருப்பூரை அடுத்த அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் செயல்படுத்திக் காட்டப்பட்ட இம்முறையால், ஆவியாக்க வேண்டிய அளவு வெகுவாகக் குறைந்தது. சாதாரண உப்புக்குப் பதிலாக சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தியதால், எஞ்சியதையும் குளிர்வித்துப் படிகமாக மீட்பது எளிதாயிற்று. கழிவு என்று பணம் கொடுத்து அழித்த பொருள், கடையில் பணம் கொடுத்து வாங்கிய மூலப்பொருளேதான்.

மற்றொரு மாற்றம் இயந்திரத்தில் நிகழ்ந்தது. பழைய வின்ச் தொட்டிகள் ஏராளமான நீரைக் குடிப்பவை. அவற்றின் இடத்தில் குறைந்த நீரில் இயங்கும் 'சாஃப்ட் ஃப்ளோ' இயந்திரங்கள் பரவின. கணக்கு எளிது. லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் நீர் என்றால் 600 கிராம் உப்பு. ஐந்து லிட்டர் போதுமென்றால் 300 கிராம். நீர் பாதி, உப்பு பாதி, நீரைச் சூடேற்றும் எரிபொருளும் ஏறத்தாழப் பாதி, சுத்திகரிப்புக் கட்டணமும் பாதி. கழிவு இலவசமாக ஆற்றில் சென்ற காலத்தில் இந்தச் சேமிப்பை யாரும் பெரிதாகக் கருதவில்லை. கழிவின் ஒவ்வொரு லிட்டருக்கும் விலை வந்த பிறகுதான் இயந்திரத்துக்குப் போட்ட முதல் விரைவாகத் திரும்பியது.

நீருக்கே பெரும் விலை கொடுத்த ஊர் அது என்பதையும் மறந்துவிடக் கூடாது. சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து லாரிகளில் நீர் வாங்கித்தான் பல ஆலைகள் நடந்தன. அருகிலுள்ள கிணறுகள் கெடக் கெட, லாரி மேலும் தொலைவுக்குச் சென்றது. உழவருக்கு இழைத்த தீங்கு, தண்ணீர் விலையாகத் தொழிலுக்கே திரும்பி வந்தது. இன்று அதே நீரின் பெரும்பகுதி சுழன்று வருகிறது.

கண்டிப்பான, ஆனால் நன்கு வகுக்கப்பட்ட விதிகள் புத்தாக்கத்தைத் தூண்டும்; அதன் பயன் விதியால் வரும் செலவை ஈடுகட்டவும் கூடும் என்பது மைக்கேல் போர்ட்டர் 1991-இல் முன்வைத்த கருதுகோள். 1995-இல் வான் டெர் லிண்டேயுடன் இணைந்து அவர் அதை விரித்துரைத்தார். அந்தக் கட்டுரை வெளிவந்த அதே ஆய்விதழில் மூன்று பொருளியலறிஞர்கள் மறுப்பும் எழுதினர். லாபம் தரும் வழி இருந்தால் அதை நிறுவனங்கள் தாமே தேடிக்கொள்ளாதா, அரசு ஏன் தள்ள வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. கூர்மையான கேள்விதான். திருப்பூர் அதற்கு ஒருவகையில் விடை தருகிறது. உப்புக்கரைசலை மீட்கும் முறையைக் கண்டறிய எந்தத் தனி ஆலைக்கும் வலுவும் இல்லை, காரணமும் இல்லை. அருகிலுள்ள ஆலை கழிவை ஆற்றில் விடும்போது, நேர்மையாளர் மட்டும் செலவிட்டால் அவரிடம் துணி கொடுக்க ஆள் இருக்காது. அனைவரும் ஒரே நாளில் கட்டுப்பட்ட பிறகே கூட்டு முயற்சி பிறந்தது.

2010-11-இல் ஏறத்தாழ ரூ.12,500 கோடியாக இருந்த திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி, 2024-25-இல் ரூ.40,000 கோடியை நெருங்கியது. சுத்திகரிப்பால்தான் இந்த வளர்ச்சி என்று நான் வாதிடமாட்டேன். ரூபாயின் மதிப்புச் சரிவும் விலைவாசி உயர்வும் அதில் ஒரு பங்கைப் பெறும். உலகச் சந்தையின் போக்குக்கும் பங்குண்டு. தொழிலே அழியும் என்ற முன்கணிப்பு பொய்த்தது என்ற அளவில் மட்டுமே இவ்வெண்கள் சான்றாகும்.

சந்தைக்குள் நுழையும் உரிமை என்ற லாபமும் உண்டு. சாயக் கழிவு பற்றிய பன்னாட்டுப் பரப்புரைகளைத் தொடர்ந்து, 2011 முதலே பெரிய ஆடை நிறுவனங்கள் நச்சு வேதிப்பொருள்களைக் கைவிடுவதாக உறுதியளிக்கத் தொடங்கின. 2024-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதிமுறையின்கீழ், ஆடை எங்கு, எவ்வாறு உருவானது என்ற விவரங்களைக் கொண்ட மின்னணுக் கடவுச்சீட்டு வர இருக்கிறது. நம் நாட்டிலும் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் நிலைத்தன்மை அறிக்கை அளித்தாக வேண்டும் என்கிறது 'செபி'. பதினைந்து ஆண்டுக் கால சுத்திகரிப்புப் பதிவேடு வைத்திருப்பவருக்கு இவையெல்லாம் வேலி அல்ல, வாசல்.

காற்றாலைகளைப் பற்றியும் ஒரு சொல். திருப்பூர் நிறுவனங்கள் பல காற்றாலைகளில் முதலிட்டதைச் சூழல் பற்று என்று பாராட்டுவதுண்டு. வருமான வரியில் கிடைத்த விரைவுத் தேய்மானச் சலுகைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. அதில் இழுக்கு ஒன்றுமில்லை. வரிச் சலுகை முடிந்த பின்னும் காற்று கட்டணம் கேட்பதில்லை அல்லவா?

ஆனால், இந்தக் கணக்கில் வரவு அனைவருக்கும் சமமாக எழுதப்படவில்லை. மூடப்பட்டவற்றுள் மீண்டும் திறக்க முடியாமல் போன சிறு சாயப்பட்டறைகள் உண்டு. புதிய இயந்திரம் வாங்க முதல் இல்லாதவருக்கு மேற்சொன்ன சேமிப்பு எட்டாக்கனியே. பிறருக்குக் கூலிக்குச் சாயமிடும் ஆலைக்குச் சுத்திகரிப்புச் செலவு நிச்சயம். பசுமைப் பெயரால் வரும் கூடுதல் விலையோ ஏற்றுமதியாளரோடு நின்றுவிடக்கூடும். ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் விளம்பரத்தில் நொய்யலைப் பேசும். விலை பேசும் மேசையில் வங்கதேசத்தின் விலையைக் காட்டும். கழிவு விதி தளர்வாக உள்ள பிற மாநிலங்களின் சாயக் கூலியோடு போட்டியிட வேண்டிய நெருக்கடியும் இருக்கிறது. திருப்பூரில் ஊர் எல்லைக்குள் நிகழ்ந்தது நாடு முழுவதும் நிகழ்ந்தாலன்றி, அதாவது ஒரே விதி அனைத்துச் சாய ஆலைகளையும் கட்டுப்படுத்தினாலன்றி, இந்த லாபம் எந்நேரமும் கரையக்கூடியது. புதிய சலுகைகளைக் காட்டிலும் இந்தச் சமநிலையைத்தான் தொழில் அமைப்புகள் மத்திய அரசிடம் வற்புறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

மீட்க முடியாத கலப்பு உப்பு இன்னும் சுத்திகரிப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கிறது. கசடின் ஒரு பகுதியை சிமென்ட் ஆலைகள் ஏற்றுக்கொள்கின்றன. கலப்பு உப்புக்கு அத்தகைய வழி இன்னும் பரவலாகவில்லை. மழையில் கரைந்தால் அது மீண்டும் நொய்யலுக்கே செல்லும். அதைப் பிரித்தெடுக்கும் செலவை ஆலைகளும் அரசும் ஆடை வாங்குவோரும் எந்த விகிதத்தில் பகிர்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. ஒரத்துப்பாளையத்துக் கிணறுகளில் ஏறிய உவர்ப்பு எந்த ஆலையின் கணக்கேட்டிலும் இதுவரை முழுமையான செலவாக எழுதப்படவில்லை.