இரவல் வெயிலில் பழுக்கும் தக்காளி

டிசம்பர் கடைசியில் ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் பகல் ஏறக்குறைய 4 மணி நேரம்தான். அந்த வெளிச்சமும் மங்கல். ஆனாலும் அங்கே கண்ணாடிக் குடில்களுக்குள் தக்காளி கொத்துக் கொத்தாகப் பழுக்கிறது!

குளிருக்கு, பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர். வெயிலுக்கு, விளக்கு. நம் தெருக்களில் முன்பு மஞ்சளாக எரிந்ததே, அதே சோடியம் விளக்குதான். இரவில் தூரத்திலிருந்து பார்த்தால் குடில் மொத்தமும் தணல்போல ஒளிரும்.

கூரையில் விளக்கைக் கட்டினால் போதாதா? போதாது. ஆளுயரம் தாண்டி வளரும் கொடியில் மேலிலைகள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ள, கீழிலைகள் நிழலில் கிடக்கும். அதனால் பல நாடுகளில் வரிசைகளுக்கு நடுவே எல்இடி விளக்குகளையும் தொங்கவிடுகிறார்கள். சிவப்பும் நீலமும் கலந்து, குடிலுக்குள் ஒரே கத்தரிப்பூ நிறம்! சூடு குறைவு என்பதால் இலைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். ஒளி கூடினால் இலையில் சர்க்கரை கூடும்; அது பழத்துக்கு இறங்கும்.

அதற்காக 24 மணி நேரமும் எரியவிட்டால்? தக்காளி இலை வெளுத்து மஞ்சளாகிவிடும். அதற்கும் தினமும் சில மணி நேரம் இருட்டு வேண்டும்.