ஒத்தை லைட்டும் சுழலும் கேலக்ஸியும்: பிரபஞ்சத்தில் தூரத்தை அளப்பது எப்படி?

டி.கல்லுப்பட்டியிலிருந்து பேரையூர் போகும் சாலையில் ராத்திரி பைக் ஓட்டியவர்களுக்கு இந்தப் பயம் புதுசில்லை. இரண்டு பக்கமும் இருட்டு. எதிரே ஒத்தை வெளிச்சம். கிட்டத்தில் வரும் பைக்கா, இல்லை ஒரு பக்க லைட் எரியாமல் தூரத்தில் வரும் லாரியா? கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மங்கலான விளக்கு பக்கத்தில் இருந்தாலும், பளீர் விளக்கு எட்டத்தில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கொஞ்சம் காது கொடுத்தால் விஷயம் மாறிவிடும். கேட்பது லாரி இன்ஜின் என்று தெரிந்தால் போதும். லாரி லைட் எவ்வளவு பிரகாசம் என்பது பழக்கத்தில் தெரியும். அது இவ்வளவு மங்கலாகத் தெரிகிறதென்றால், வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்கும் சுருள் கேலக்ஸிகளின் தூரத்தை வானியலாளர்கள் அளப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே இன்ஜின் சத்தத்துக்குப் பதில், கேலக்ஸி சுழலும் வேகம். 1977இல் பிரென்ட் டல்லி, ரிச்சர்ட் ஃபிஷர் என்ற இரண்டு பேர் வெளியிட்ட ஆய்வில் தெளிவாக வந்த இந்தத் தொடர்புக்கு டல்லி-ஃபிஷர் தொடர்பு என்று பெயர். இதில் இரண்டு அளவுகள் வேண்டும்: பிரகாசம், வேகம். இரண்டின் கதையிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. ஒன்று சென்னையில். இன்னொன்று மதுரைக்கு வடமேற்கே, பழனி மலைத்தொடரின் மேலே.

வேகம் கூடினால் வெளிச்சமும் கூடும்

நம் பால்வெளி மாதிரியான சுருள் கேலக்ஸியில் கோடிக்கணக்கான விண்மீன்களும் வாயுவும் தட்டையான ஒரு தட்டாக மையத்தைச் சுற்றி வருகின்றன. அவற்றைச் சிதறவிடாமல் பிடித்திருப்பது ஈர்ப்பு விசை. கேலக்ஸி எவ்வளவு கனமோ, அவ்வளவு வேகமாகச் சுழலலாம். கனம் கூடுதல் என்றால் பொதுவாக விண்மீன்களும் அதிகம், ஆக வெளிச்சமும் அதிகம்.

இதுவரை ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்தத் தொடர்பு எவ்வளவு கறாராக இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். ஒரு கேலக்ஸி இன்னொன்றைவிட இரண்டு மடங்கு வேகமாகச் சுழன்றால், அதன் உண்மையான பிரகாசம் சுமார் 10 முதல் 16 மடங்கு அதிகமாக இருக்கும். எந்த நிற ஒளியில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். சுழற்சி வேகம் தெரிந்தால் உண்மையான பிரகாசம் தெரியும். அதைக் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும்.

ஏன் இவ்வளவு கறார் என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட பதில் இன்னும் இல்லை. கேலக்ஸியின் ஓரங்களில் சுழற்சி வேகத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருளுக்குத்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. அப்படியானால், கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் வெளிச்சம் அந்த வேகத்தோடு ஏன் இத்தனை ஒழுங்காக ஒத்துப்போகிறது? ஈர்ப்பு விதியையே கொஞ்சம் திருத்த வேண்டும் என்று வாதிடும் சிறுபான்மை ஆய்வாளர்கள் முதலில் எடுத்துக் காட்டுவதும் இந்தத் தொடர்பைத்தான்.

சென்னை ஆய்வகத்தின் போக்சன்

பிரகாசத்தை எண்ணாக எழுத வானியலில் இன்றும் பயன்படுவது மாக்னிட்யூட் அளவு. 5 மாக்னிட்யூட் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு பிரகாச வித்தியாசம். ஒரு மாக்னிட்யூட்டுக்கு சுமார் 2.512 மடங்கு. 1856இல் இந்த விகிதத்தை முன்வைத்தவர் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர். அப்போது அவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார். 1861இல் சென்னை வானியல் ஆய்வகத்தின் பொறுப்புக்கு வந்தவர், 1891இல் சாகும்வரை இங்கேயேதான் இருந்தார். வந்த ஆண்டிலேயே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஏசியா' என்று பெயர் வைத்தார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் பிரகாசம் ஏறி இறங்கும் ஒரு விண்மீனை அடையாளம் கண்டார். வானியலில் கேமரா பரவாத காலம். வெளிச்சத்தை எடைபோட்டதெல்லாம் கண்தான்.

அந்த அளவில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பொருளை 32.6 ஒளியாண்டு தூரத்தில் வைத்தால் எவ்வளவு பிரகாசமாகத் தெரியுமோ, அதுதான் அதன் உண்மை மாக்னிட்யூட். சுழற்சி வேகத்தை வைத்து ஒரு கேலக்ஸியின் உண்மை மாக்னிட்யூட் மைனஸ் 21 என்று கண்டுபிடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். தொலைநோக்கியில் தெரிவதோ 14. வித்தியாசம் 35. ஒவ்வொரு 5க்கும் தூரம் 10 மடங்கு கூடும். 35இல் ஏழு ஐந்துகள்; ஆக 10ஐ ஏழு முறை பெருக்க வேண்டும், அதாவது ஒரு கோடி மடங்கு. 32.6ஐ ஒரு கோடியால் பெருக்கினால் 32.6 கோடி ஒளியாண்டு. அவ்வளவுதான். போன் கால்குலேட்டர்கூட வேண்டாம்.

கொடை மலையில் நகர்ந்த கோடுகள்

அடுத்தது வேகம். இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒன்று சுழல்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. பால்வெளியில் சூரியன் ஒரு சுற்று வரவே 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உதவிக்கு வருவது டாப்ளர் விளைவு. நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி அலைகள் நெருங்கும், விலகிப் போவதன் அலைகள் விரியும். ஆம்புலன்ஸ் நம்மைக் கடக்கும்போது சைரன் சுருதி இறங்குமே, அதேதான்.

இந்த விளைவை வைத்து ஒரு பெரிய கண்டுபிடிப்பு நடந்த இடம், மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் வந்துவிடும். 1870களின் பெரும் பஞ்சத்தில், ஊர்ப்பக்கம் 'தாது வருஷப் பஞ்சம்' என்பார்களே, அதில் சென்னை மாகாணம் சின்னாபின்னமானது. சூரியனைப் படித்தால் பருவமழையைப் புரிந்துகொள்ளலாம் என்ற எண்ணம் வலுத்தது. தென்னிந்திய மலை ஒன்றில் பெரிய தொலைநோக்கி வைக்க வேண்டும் என்று 1882இல் யோசனை சொன்னவர் அதே போக்சன். கடைசியில் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைந்தது. 1899இல் சென்னையின் வானியல் வேலைகள் பெரும்பாலும் மலைக்கு மாறின. அதற்குள் போக்சன் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1907இல் அங்கே வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படம் பிடித்தபோது, கோடுகள் இம்மியளவு நகர்ந்திருப்பதைக் கவனித்தார். புள்ளியின் ஒரு ஓரத்தில் ஒரு பக்கமாக, மறு ஓரத்தில் எதிர்ப்பக்கமாக. புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று அதிலிருந்து கண்டார். வேகம் வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். உலகப் பாடநூல்களில் இன்றும் அது 'எவர்ஷெட் விளைவு'.

எவர்ஷெட் பார்த்தது சூரியன். ஆனால் ஒரு கோடு எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து வேகம் சொல்லும் அதே வித்தைதான் கேலக்ஸியிலும். சுழலும் கேலக்ஸியின் ஒரு பாதி நம்மை நோக்கி வரும், மறுபாதி விலகும். வேகம் மட்டும் பெரிது: வினாடிக்கு 200 கிலோமீட்டர் அளவில்.

ரேடியோவில் கேட்கும் சுழற்சி

டல்லியும் ஃபிஷரும் நம்பியது ரேடியோவை. கேலக்ஸிகளில் நிறைந்திருக்கும் ஹைட்ரஜன் வாயு 1420 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், மெல்லிய சிக்னல் ஒன்றை வெளியிடுகிறது. எஃப்.எம். ரேடியோ 88 முதல் 108 வரை. இது அதற்கு ரொம்ப மேலே. கேலக்ஸி சுழலாமல் இருந்தால் சிக்னல் குறுகலான கோடாக வரும். வினாடிக்கு 200 கிலோமீட்டரில் சுழன்றால், வரும் பக்கமும் போகும் பக்கமும் சேர்ந்து அந்தக் கோட்டைச் சுமார் 1.9 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இழுத்துவிடும். அகலத்தை அளந்தால் வேகம் கிடைக்கும்.

இந்தியாவில் இதற்குத் தோதான கருவி புனே அருகே கோடாடில் இருக்கும் ஜிஎம்ஆர்டி: 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்கள், 25 கிலோமீட்டர் பரப்பில். அதைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப்தான் அதற்கு முன்னால் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியையும் கட்டியவர். ஊட்டிக் கருவி 326.5 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வதால் இந்த வேலைக்கு ஆகாது. ஜிஎம்ஆர்டி மூலம் மிக மங்கலான குட்டி கேலக்ஸிகளை ஆராய்ந்த ஆயிஷா பேகம், ஜெயராம் செங்கலூர் ஆகியோரின் குழு 2008இல் வெளியிட்ட முடிவு முக்கியமானது. விண்மீன் வெளிச்சத்தை மட்டும் பார்க்காமல் வாயுவின் நிறையையும் சேர்த்துக் கணக்கிட்டால், கொஞ்சம் சிதறல் இருந்தாலும், குட்டிகளும் பெரியவற்றின் விதிக்குள் வருகின்றன.

கேட்க எளிது. செய்யும்போதுதான் சிக்கல். தமுக்கம் மைதானப் பொருட்காட்சியில் குடை ராட்டினத்தை நேர் மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குதிரையும் உங்களை நோக்கி வராது, விலகியும் போகாது. தட்டை நேர்முகமாகக் காட்டும் கேலக்ஸியும் அப்படித்தான். படம் அழகாக இருக்கும், தூரம் அளக்க உதவாது. 30 டிகிரி மட்டும் சாய்ந்திருந்தால், உண்மையான வேகத்தில் பாதிதான் நமக்குத் தெரியும். அந்தச் சாய்வைப் படத்திலிருந்து தப்பாக அளந்தால் கணக்கு முழுக்கத் தப்பு. சரி, பக்கவாட்டில் தெரிவதை மட்டும் எடுக்கலாமே என்றால், அங்கே தூசி வெளிச்சத்தை மறைக்கிறது. அதனால்தான் தூசியை ஊடுருவும் அகச்சிவப்பு ஒளிக்கு இப்போது மவுசு.

இதைவிடத் தந்திரமான பொறி ஒன்று உண்டு. ரொம்பத் தூரத்தில் இருந்து லாரி லைட் மட்டும்தான் தெரியும், பைக் லைட் கண்ணுக்கு எட்டாது. அதேபோல் தொலைவுக்குப் போகப் போக, சராசரியைவிடப் பிரகாசமான கேலக்ஸிகள் மட்டுமே பட்டியலில் சிக்கும். அவற்றைச் சராசரி என்று நினைத்துக் கணக்குப் போட்டால், உண்மையைவிடக் கிட்டத்தில் இருப்பதாக விடை வரும். இந்தச் சார்புப் பிழையை வைத்துத்தான் ஆலன் சாண்டேஜ் இந்த முறையின் முடிவுகளோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். எல்லாத் திருத்தமும் செய்த பிறகும், ஒரு தனிக் கேலக்ஸியின் தூரத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை பிசகலாம். ஆயிரக்கணக்கில் அளந்தால்தான் இந்தப் பிசகு சராசரியில் அடங்கும்.

67ஆ, 76ஆ?

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதற்கான ஹப்பிள் மாறிலி இந்தத் தூரங்களில் இருந்துதான் வருகிறது. 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, அதாவது ஒரு மெகாபார்செக்குக்கு, விரியும் வேகம் வினாடிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே அது. 1977இல் ஒரு கோஷ்டி 50 பக்கமும் இன்னொரு கோஷ்டி 100 பக்கமும் நின்றபோது, டல்லியும் ஃபிஷரும் நடுவில் 80 என்றார்கள்.

இன்று இடைவெளி சுருங்கிவிட்டது, சண்டை சுருங்கவில்லை. பிரபஞ்சத்தின் ஆரம்பகால ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் கணக்கு 67.4. பிரகாசம் ஏறி இறங்கும் செஃபீட் விண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் படியாக வைத்து ஏறினால் 73. டல்லியின் குழு சுருள் கேலக்ஸிகளை வைத்து 2020இல் சொன்னது 76. அதே ஆண்டில், வாயு நிறையையும் சேர்த்துக் கணக்கிட்ட இன்னொரு குழுவுக்கு 75.1. வேறு வகை விண்மீன்களையும் சேர்த்துப் பார்க்கும் வெண்டி ஃப்ரீட்மன் குழு சுமார் 70இல் நிற்கிறது. எல்லா அளவும் சரி என்றால், பிரபஞ்சத்தின் வரலாறு பற்றி நமக்குத் தெரிந்த இயற்பியலில் ஏதோ குறைகிறது. இல்லையென்றால், யாரோ ஒருவரின் அளவுகோல் தப்பு.

டல்லி-ஃபிஷர் இந்தச் சண்டையில் தனி நடுவர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்த வேகத்துக்கு எவ்வளவு பிரகாசம் என்று ஆரம்பத்தில் பழகிக்கொள்ள, தூரம் ஏற்கெனவே தெரிந்த சில பக்கத்துக் கேலக்ஸிகள் வேண்டும். அந்தத் தூரங்களோ பெரும்பாலும் செஃபீட் மாதிரியான விண்மீன்களில் இருந்து வருபவை. கீழ்ப்படி ஆடினால் மேல்படியும் ஆடும். ஆனால் அதன் பலம் எண்ணிக்கை. சூப்பர்நோவா எப்போது வெடிக்கும் என்று காத்திருக்கத் தேவையில்லை. சுருள் கேலக்ஸிகள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. இப்படிச் சேர்ந்த தூரங்களை வைத்துத்தான், நாம் இருக்கும் மாபெரும் கேலக்ஸிக் கூட்டமான லானியாகியாவின் எல்லையை 2014இல் டல்லியும் மூன்று சகாக்களும் வரைந்தார்கள். அகலம் சுமார் 50 கோடி ஒளியாண்டு. இந்தியாவும் சேர்ந்திருக்கும் எஸ்கேஏ ரேடியோ தொலைநோக்கி தயாரானால் 21 சென்டிமீட்டர் அளவீடுகள் இன்னும் பல மடங்கு பெருகும். அதற்காக 1,250 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை 2024 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது.

அளவுகோல் பழகப் பயன்பட்ட அந்தப் பக்கத்துக் கேலக்ஸிகளில் ஒன்றை டெலஸ்கோப் இல்லாமலே பார்க்கலாம். டிசம்பர் கடைசியில், மழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகு, மதுரை நகர வெளிச்சத்தை விட்டு பேரையூர், வத்திராயிருப்பு பக்கம் போய், ராத்திரி ஏழு மணி வாக்கில் வடக்கே நன்றாக அண்ணாந்து பாருங்கள். நிலா இல்லாத நாளாக இருக்க வேண்டும். விரலால் தேய்த்த மாதிரி மங்கலாகத் தெரிவது ஆண்ட்ரோமீடா. சுமார் 77 டிகிரி சாய்ந்திருப்பதால் அதன் வேகத்தை அளப்பது சுலபம். 1922இலேயே எஸ்டோனியாவின் எர்ன்ஸ்ட் ஓபிக் அதன் சுழற்சி வேகத்தை வைத்துத் தூரம் கணக்கிட்டார். அவருக்கு வந்த விடை சுமார் 15 லட்சம் ஒளியாண்டு. இன்றைய அளவு 25 லட்சம்.